புளித்த தொட்டி

பட்டறையில் ஒரே ஒரு சட்டம்தான். பீரைப் புகழக் கூடாது. மறந்துபோய் யாராவது புகழ்ந்துவிட்டால், அவர் எழுந்துபோய் அன்றைக்குச் சேர்ந்திருக்கும் கிளாஸ்களை எல்லாம் கழுவ வேண்டும்.

பட்டறை என்பது நாங்களாக வைத்துக்கொண்ட பெயர். வாசல் பலகையில் வேறு ஏதோ அழகான பெயர் எழுதியிருக்கிறது. அதை ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முன்பு அது டயர் மாற்றும் இடமாக இருந்தது. கார்களுக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்கான பள்ளத்தை மரப்பலகையால் மூடி, அதன்மேல் மேசை நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் நடந்தால் மட்டும் காலடி டொம் டொம் என்று கேட்கும். பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், இடுப்புயரத்துக்கு நான்கு எஃகுத் தொட்டிகள். அங்கேயே காய்ச்சி, அங்கேயே நொதிக்கவைத்து, அங்கேயே ஊற்றிக் கொடுத்தார் எங்கள் முதலாளி. முதலாளி என்று கூப்பிடுவதும் கேலிதான். காய்ச்சுபவர், ஊற்றுபவர், தொட்டிக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவர், தரை துடைப்பவர் எல்லாம் அவர் ஒருவரே.

சட்டம் வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். "கடை திறந்த புதுசுல எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க அக்கா. நானும் நம்பி அதையே இன்னும் ரெண்டு தொட்டி போட்டேன். அடுத்த வாரம் ஈ, காக்கா இல்ல. புகழ்றவன் திரும்ப வரமாட்டான். திட்டறவன்தான் நாளைக்கும் வந்து உக்காந்து திட்டுவான்."

அப்படி உட்கார்ந்து திட்டியவர்களில் முதல் ஆள் என் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் கைபட்டு ஏறி இறங்கியவை. பட்டறையில் அவருக்கு லிஃப்ட் என்றே பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு சாயங்காலமானால் வீட்டில் கால் தரிக்காது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுகொண்டு, "நீ வர்றியா, இல்ல உன் எழுத்துங்களையே கட்டிக்கிட்டு அழப்போறியா?" என்பார். நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு கூடவே போவேன். எனக்குப் பீர் பழக்கமில்லை. முதலாளி எனக்கென்று இஞ்சி தட்டிப்போட்டு ஒரு சோடா செய்து தருவார். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நான் பலகை மேசையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் நான் ஆற அமரச் சந்தோஷமாக வேலை பார்த்த இடம் அதுதான்.

புதுத் தொட்டி திறக்கும் சனிக்கிழமைகளில் முதல் கிளாஸ் அவருக்கு. காய்ச்சினவன் நாக்கு பெத்தவன் நாக்கு மாதிரி, அதை நம்பக் கூடாது என்பது முதலாளியின் கொள்கை. அதனால் சின்ன கிளாஸ் ஒன்றில் ஊற்றி இவர் முன்னால் வைப்பார். இவர் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது. புகழக் கூடாதே, எப்படித் தீர்ப்புச் சொல்வது? இவர் மாடிக் கணக்கு வைத்திருந்தார். ரெண்டாவது மாடி என்றால் சுமார். மூணாவது என்றால் தைரியமாகக் குடிக்கலாம். "கீழ்த்தளம்" என்று சொன்னால் முதலாளி மறு பேச்சில்லாமல் அந்தத் தொட்டியைச் சாக்கடையில் திறந்துவிடுவார். இரண்டு தடவை திறந்துவிட்டிருக்கிறார். நாலாவது மாடி எப்போதாவது வரும். ஐந்து வந்ததே இல்லை.

"அஞ்சு எப்பண்ணே வரும்?" என்று முதலாளி கேட்டால், "உன் கட்டடத்துக்கு நாலுக்கு மேல அஸ்திவாரம் தாங்காது" என்பார்.

தொண்டையில் கட்டி வந்து, கதிர்வீச்சு வைத்தியம் முடிந்து, அவர் மறுபடி பட்டறைக்குப் போன அன்று பிளம்பர் எழுந்து நின்று கை தட்டினார். பிளம்பர் என்றால் அவரும் அங்கே தினசரி ஆள்; கருவிப் பையோடு வந்து கருவிப் பையோடு போவார். "வந்துட்டான்யா! இடம் காலியாகும், ஜன்னலோரம் பிடிக்கலாம்னு பார்த்தேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவருக்கோ முகமெல்லாம் பல். ஆஸ்பத்திரியில் எல்லாரும் தணிந்த குரலில் பேசிப் பேசி மனிதர் அலுத்துப்போயிருந்தார்.

டாக்டர் ஒரு சின்ன கிளாஸுக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். நாக்கில் ருசி திரும்ப சில மாதங்கள் ஆகும் என்றும் சொல்லியிருந்தார். மாதங்கள் போயின, ருசி வரவில்லை. ஒருநாள் சர்க்கரை போட மறந்த காப்பியை மடமடவென்று குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன பாக்கற? எல்லாம் நனைஞ்ச அட்டை மாதிரிதான் இருக்கு. சர்க்கரை போட்டா நனைஞ்ச அட்டை, போடலைன்னாலும் நனைஞ்ச அட்டை."

"டாக்டர்கிட்ட சொல்லலாம்."

"அவர்கிட்ட சொல்லு. பட்டறையில மட்டும் மூச்சு விடாத."

"ஏன், சொன்னா தலையையா வாங்கிடுவாங்க?"

"தலையை வாங்கினாலும் பரவாயில்ல. முதல் கிளாஸை வாங்கிடுவாங்க. வேற ஆள்கிட்ட கொடுப்பாங்க. அப்புறம் நான் அங்க யாரு? ஓரமா உக்காந்திருக்கற சீக்காளி."

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதுத் தொட்டி திறந்த இரண்டு சனிக்கிழமைகளை அவர் எப்படியோ ஓட்டினார். கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்து நிறம் பார்ப்பார். நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். மூக்கு கொஞ்சம் வேலை செய்தது. "சத்தத்தை வெச்சே கயிறு தேஞ்சிருக்குன்னு சொன்னவன் நான், இது என்ன பிரமாதம்" என்று வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் பெருமையடித்தார். தீர்ப்பு மூணு, ரெண்டு என்று பத்திரமாக நடுவிலேயே நின்றது.

மூன்றாவது தொட்டி திறந்த அன்று முதலாளிக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்குச் சிவந்து, கைக்குட்டையும் கையுமாக நின்றார். "எனக்கு ஒரு மண்ணும் தெரியல அண்ணே. உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்று சின்ன கிளாஸை வைத்தார். தங்க நிறம், பளிச்சென்று இருந்தது. நுரை கெட்டியாக, பஞ்சு மாதிரி நின்றது. என் கணவர் விளக்குக்கு நேரே பிடித்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பல மாதமாகப் பத்திரமாகவே இருந்த மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து உற்சாகம் வந்துவிட்டது.

"நாலு" என்றார்.

கடையில் ஒரு ஆரவாரம். முதலாளி எல்லாருக்கும் ஊற்றினார். பிளம்பர் வழக்கம்போல ஒரே மூச்சில் பாதி கிளாஸை இறக்கினார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். எதிரில் இன்னொரு தினசரி ஆளான கணக்கு டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, பிளம்பரைப் பார்த்தார். அடுத்த மேசையில், அவரும் பழைய ஆள்தான், டாக்ஸிக்காரர் இருமினார். ஒரு கணம் பட்டறையில் தொட்டிகளைக் குளிர்விக்கும் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு பிளம்பர் சொன்னார். "அருமை."

முதலாளி அறை வாங்கியவர் மாதிரி திரும்பினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டீச்சர், மேசையைப் பார்த்துக்கொண்டே.

"இந்த மாதிரி குடிச்சதே இல்லப்பா" என்றார் டாக்ஸிக்காரர். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

என் கணவர் சிரித்தார். "என்னய்யா, எல்லாருக்கும் ஒரே நாள்ல கிளாஸ் கழுவற ஆசை வந்துடுச்சா?"

முதலாளி தனக்கு ஒரு வாய் ஊற்றிக் குடித்தார். மூக்கு அடைத்திருந்தால் என்ன, புளிப்பு தெரிய நாக்கு போதும். அதை வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கண் என் கணவரிடம் போனது, என்னிடம் வந்தது, திரும்பவும் அவரிடம் போனது. விழுங்கினார்.

"இன்னைக்குச் சட்டத்துக்கு லீவு அண்ணே" என்றார்.

என் கணவர் கழிவறைக்குப் போனபோது அவர் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்திருந்து பார்த்தேன். நாக்கின் ஓரங்கள் சுருண்டன. காடியில் நனைத்த துணியை வாயில் பிழிந்தாற்போல் இருந்தது. இத்தனைக்கும் வாசனையில் ஒன்றும் தெரியவில்லை. நான் கிளாஸை இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வரும் காலடி பலகைமேல் டொம் டொம் என்று கேட்டதும் பிளம்பர் உரத்த குரலில், "முதலாளி, இன்னொண்ணு ஊத்து" என்றார்.

அந்தத் தொட்டியைச் சாக்கடையில் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் ஏன் என்று அவர் கேட்டிருப்பார். அதனால் குடித்தார்கள். அந்த நாலைந்து பேர், ஒரு முழுத் தொட்டியை, சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து குடித்தார்கள். புது ஆட்கள் வந்து கேட்டால் முதலாளி, "அது சொல்லி வெச்சவங்களுக்கு மட்டும்" என்று வேறு தொட்டியிலிருந்து கொடுத்தார். டாக்ஸிக்காரர் மறைவாகச் சர்க்கரை கலந்துகொண்டார். பிளம்பரின் கருவிப் பையில் வயிற்றெரிச்சல் மாத்திரை அட்டை இருந்ததை நான் பார்த்தேன். டீச்சர் சாதாரணமாக ஒன்றுக்கு மேல் தொடாதவர். அந்த நாட்களில் இரண்டு குடித்தார். வகுப்பில் கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தக் கிளாஸை முறைத்துக்கொண்டே குடித்தார். ஒருவரும் ஒருவரிடமும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடமும் பேசவில்லை.

கடைசிக் கிளாஸ் ஊற்றிய அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் கணவர் சொன்னார். "பாத்தியா? ஒரு தொட்டி இவ்வளவு சீக்கிரம் காலியானதே இல்ல." தெருவிளக்கு வெளிச்சத்தில் அவர் நடை பழைய நடையாக இருந்தது. நான் ஆமாம் என்றேன்.

அடுத்த தொட்டி திறப்பதற்குள் வியாதி திரும்பி வந்துவிட்டது. இந்த முறை நெஞ்சில். வைத்தியத்துக்கு இடமில்லை என்று டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஜன்னலோரமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டோம். மத்தியான வேளைகளில் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருக்கும். அப்படி ஒரு மத்தியானம், பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தத் தொட்டி கெட்டுப்போனதுதானே?" என்றார்.

பேனா நின்றது. எந்தத் தொட்டி என்று கேட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

"நடிக்காத. உனக்கு வராது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எல்லாரும் புகழ்ந்தாங்கல்ல, அதுலயே தெரிஞ்சுது. அந்தப் பிளம்பர் பய பொண்டாட்டி சமையலைக்கூட அருமைன்னு சொன்னதில்ல. சரி, ஏதோ வாய் தவறிடுச்சுன்னு வை. புகழ்ந்தவன் ஒருத்தனையும் கிளாஸ் கழுவ அனுப்பல பார், அங்கதான் முதலாளி மாட்டிக்கிட்டான். சட்டத்துக்கு லீவாம்."

"தெரிஞ்சுமா தினம் போய் உக்காந்தீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமல் வந்தது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். அடங்கியதும் சொன்னார். "எனக்கென்ன, எனக்கு எல்லாம் அட்டை. அவங்கதான் குடிச்சாங்க. நான் பாட்டுக்கு 'தெரியும்டா'ன்னு சொல்லியிருந்தா அவங்க குடிச்சதெல்லாம் வீணாப் போயிருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். "ஆனா ஒண்ணு. அந்தச் சமயம் என்னை ஒருத்தனும் திட்டல. அதுதான் கஷ்டமா இருந்துது."

அவர் இறந்தபோது வீடு நிறைய ஆட்கள். மகள் தூர ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். சொந்தக்காரர்கள், லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கமான மனுஷன் என்றார்கள், அப்படி ஒருவரைப் பார்க்க முடியாது என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சியும் எனக்கு அந்தப் புளித்த ஒரு வாய் மாதிரி இறங்கியது. பட்டறைக்காரர்கள் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. துக்கம் மட்டும் காரணமில்லை. போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். தணிந்த குரலில் சாப்பிட்டீங்களா என்பார்கள். இஞ்சி சோடா கேட்காமலே வரும். அந்தப் புளித்த தொட்டியை அவருக்காகக் குடித்த மாதிரி என்னையும் குடிப்பார்கள், முகம் சுளிக்காமல். அது எனக்கு வேண்டாம். அப்படி ஒரு பட்டறையைப் பார்ப்பதைவிட, அது இருந்தபடியே மனசில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு பகலில் முதலாளி வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர் பட்டுப் பட்டு வெளுத்துப்போன விரல்கள்.

"அண்ணனுக்காக ஒரு தொட்டி போட்டிருக்கேன் அக்கா."

"நல்லதுப்பா."

"அந்தப் புளிச்சதை."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கு என்ன ஆச்சுன்னா, குழாய் மூட்டுல ரப்பர் வளையம் ஒண்ணு வெடிச்சிருந்துது. அந்த வெடிப்புல ஏதோ கிருமி குடியிருந்திருக்கு. எனக்கு ஜலதோஷம், கவனிக்கல. அப்புறம் பார்த்துத் தூக்கிப் போட்டுட்டேன். பாவி, வெச்சிருந்திருக்கலாம். இப்ப இன்னொரு பழைய வளையத்தை மாட்டி, கழுவாம அப்படியே விட்டேன். ஒரு தொட்டி போட்டேன், கெடல. ரெண்டாவதும் கெடல. இது மூணாவது. நாளைக்குச் சாயங்காலம் திறக்கறோம். அதுவா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்."

"நானா? குடிச்சவங்க நீங்கல்லாம்."

"நாங்க முழுங்கினோம் அக்கா. ருசி பார்க்கல. எனக்கு அன்னைக்கு மூக்கடைப்பு, புளிப்பைத் தவிர ஒண்ணும் தெரியல. நீங்க ஒருத்தர்தான் ஒரு வாய் குடிச்சு, வாயில வெச்சிருந்து பார்த்தீங்க. நான் அங்கேருந்து பார்த்தேன்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் தாள்களைப் பையில் போட்டு, எடுத்து வெளியே வைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நான் பயந்தபடியேதான் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. டீச்சர் எழுந்து ஜன்னலோர நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டாக்ஸிக்காரர் தொப்பியைக் கழற்றினார். பிளம்பர், "வாங்க தங்கச்சி" என்றார், அவர் குரலா என்று திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு மெதுவாக. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது.

முதலாளி சின்ன கிளாஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தங்க நிறம், பஞ்சு மாதிரி நுரை. அதே நிறம்தான். விளக்குக்கு நேரே பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது, கை தானாகப் போனது. ஒரு வாய் குடித்து வாயில் வைத்திருந்தேன். நாக்கின் ஓரம் சுருளும் என்று காத்திருந்தேன். சுருளவில்லை. வறுத்த தானியத்தின் மணமும், முதலில் லேசான இனிப்பும், போகும்போது ஒரு கசப்பும். நாலு என்று கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னபோது இதைத்தான் நினைத்திருப்பார் போலிருக்கிறது. இது அவர் வாயில் படவே இல்லை. எனக்குக் கண்ணீர் மறைத்தது.

"அது இல்ல" என்றேன்.

முதலாளியின் தோள் இறங்கியது. "புளிக்கலையா? கொஞ்சம்கூடவா?"

"இல்லப்பா. நல்லா இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. யாரும் அசையவில்லை. பிளம்பர் மேசையைப் பார்த்தார். டீச்சர் மேசையைப் பார்த்தார். குளிர்விக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவர் வாய் லேசாகத் திறந்தது. இன்னைக்குச் சட்டத்துக்கு லீவு அக்கா என்று மட்டும் அந்த மனிதர் சொல்லிவிட்டால், நான் இந்தப் பலகையை இனி மிதிக்கப்போவதில்லை.

முதலாளி தோளிலிருந்த துண்டால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார். பிறகு, உள்ளே கழுவும் தொட்டி இருக்கும் பக்கமாக மோவாயைக் காட்டினார்.

"மத்தியானத்துலேருந்து சேர்ந்து கிடக்கு" என்றார்.

நான் எழுந்தேன். பலகைமேல் என் காலடி டொம் டொம் என்று கேட்டது. புடவை நனையாமல் எடுத்துச் செருகிக்கொண்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். "சோப்பு மேல் தட்டுல இருக்கு, இருக்கறதெல்லாம் ஊத்திடாதீங்க" என்று டீச்சரின் குரல் வந்தது. முதுகுக்குப் பின்னால் முதலாளி மற்றவர்களுக்கு ஊற்றும் சத்தம், நாற்காலிகள் நகரும் சத்தம். யாரோ, "தண்ணி மாதிரி இருக்கு" என்றார்கள். "உன் டாக்ஸிக்கு ஊத்து, ஓடும்" என்றது இன்னொரு குரல். அழுகை வந்துகொண்டுதான் இருந்தது. நீராவியில் அது யாருக்கும் தெரிந்திருக்காது.

கிளாஸ்களைக் கழுவிக் கழுவிக் கவிழ்த்தேன். கடைசியாக என் கையோடு கொண்டுவந்த சின்ன கிளாஸையும் கழுவி, மற்றவற்றோடு சேர்த்துக் கவிழ்த்தேன்.

பிளம்பர் காலி கிளாஸோடு பக்கத்தில் வந்து நின்றார். நான் கவிழ்த்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது, ஓரமெல்லாம் சோப்பு. பிழை பாக்கறதுதான் உங்க தொழில்னு லிஃப்ட் பெருமையடிப்பான். திரும்பக் கழுவுங்க."

நான் வாங்கித் திரும்பக் கழுவினேன்.